தென்சென்னைப் புறநகர் ஏரிகளில் மிகையூட்டம்

தென்சென்னைப் புறநகர் ஏரிகளில் மிகையூட்டம் என்பது, தாம்பரம், பல்லாவரம், சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் முதலிய பகுதிகளில் உள்ள ஆழமற்ற நன்னீர் ஏரிகளில் பாசுபரசு, நைட்ரசன் ஆகிய ஊட்டப்பொருட்களின் அளவு இயல்பைவிட மிகுந்து, அதனால் நீரின் தன்மையும் அதில் வாழும் உயிரினங்களும் மாறுவதைக் குறிக்கும். பாசனத்துக்காகக் கரை கட்டி உருவாக்கப்பட்ட இவ்வேரிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியிருப்புகளால் சூழப்பட்டன. வீட்டுக் கழிவுநீர் ஏரிக்குள் வரத் தொடங்கியதும், ஏரியிலிருந்து நீரும் வண்டலும் வயலுக்குச் செல்வது நின்றதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. உள்ளே வருவது பெருகி, வெளியே செல்வது குறைந்தமையே இம்மாற்றத்தின் அடிப்படையாகும்.

சொல்விளக்கம்

நீர்நிலை ஒன்றில் தாவர ஊட்டப்பொருட்கள் மிகுந்து, பாசிகளும் நீர்க்களைகளும் அளவுக்கு மீறி வளரும் நிகழ்வு மிகையூட்டம் எனப்படும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இது நற்போசணையாக்கம் என்று அழைக்கப்படுகிறது. பொதுவாக ஏரிகள் பல நூறு அல்லது பல ஆயிரம் ஆண்டுகளில் மெல்ல மெல்ல வண்டல் படிந்து ஊட்டம் மிகுவது உண்டு. இது இயற்கை மிகையூட்டம் ஆகும். கழிவுநீர், உரம், குப்பை போன்றவற்றால் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே இந்நிலை ஏற்படுமாயின் அது மனிதரால் விளையும் மிகையூட்டம் ஆகும். தென்சென்னைப் புறநகரில் காணப்படுவது இவ்விரண்டாவது வகையாகும்.

"ஊட்டம்" என்னும் சொல் நன்மையைச் சுட்டுவது போலத் தோன்றினாலும், இங்கு அது நீரின் வளத்தைக் குறிக்கிறதேயன்றி நீரின் நலத்தைக் குறிப்பதில்லை.

ஏரிகளின் அமைப்பு

தொண்டை மண்டலத்தின் பெரும்பகுதி ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த நிலமாகும். பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகள் நிறைந்த மாவட்டம் என்றே அறியப்பட்டது. இங்குள்ள ஏரிகள் பெரும்பாலும் மெல்லிய சரிவுடைய நிலத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, மழைநீரைத் தேக்கி உருவாக்கப்பட்டவை. இவற்றின் ஆழம் மிகக் குறைவு. நீர் நிறைந்திருக்கும் காலத்திலும் பல இடங்களில் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டுவதில்லை. ஒவ்வோர் ஏரிக்கும் பின்வரும் உறுப்புகள் இருந்தன:

- வரத்துக்கால்: மழைநீரை ஏரிக்குக் கொண்டுவரும் கால்வாய்
- கரை: நீரைத் தேக்கி நிற்கும் மண் அணை
- மதகு அல்லது மடை: வயல்களுக்கு நீர் விடும் வாயில்
- கலங்கல்: ஏரி நிறைந்தபின் மிகைநீர் வழிந்தோடும் இடம்
- ஆயக்கட்டு: அவ்வேரியின் நீரால் பாசனம் பெறும் நிலம்

ஏரிகள் தனித்தனியாக இராமல் சங்கிலித் தொடராக அமைந்துள்ளன. மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் கீழ் ஏரிக்கு வரத்து நீராகிறது. தாம்பரத்தின் மேற்குப் பக்கத்து நீர் முடிச்சூர் வழியாக அடையாற்றை அடைகிறது. கிழக்குப் பக்கத்தில் சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம் ஆகிய ஏரிகளின் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியே பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் வழியாகக் கோவளம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது.

இத்தொடர் அமைப்பின் காரணமாக, ஓர் ஏரியில் சேரும் ஊட்டப்பொருள் அந்த ஏரியோடு நின்றுவிடுவதில்லை. சிட்லபாக்கம் ஏரியில் கலக்கும் கழிவின் ஒரு பகுதி அடுத்த பெருமழையில் செம்பாக்கத்துக்கும், அதன்பின் பள்ளிக்கரணைக்கும் சென்றடைகிறது.

பழைய ஊட்டச் சுழற்சி

பாசன ஏரிக்கு ஊட்டப்பொருள் வருவது புதிதன்று. மழைநீர் மேய்ச்சல் நிலத்துச் சாணத்தையும், இலைதழைகளையும், மேல்மண்ணையும் ஆண்டுதோறும் ஏரிக்குள் கொண்டுவந்தது. ஆயினும் அவை ஏரியிலேயே தங்கவில்லை. அவை வெளியேற மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, மதகு வழியே சென்ற பாசன நீர். அதில் கரைந்திருந்த நைட்ரசனும் பாசுபரசும் நெற்பயிருக்கு உரமாயின. இரண்டாவது, வண்டல். கோடையில் ஏரி வற்றியதும் உழவர்கள் வண்டலை வெட்டி மாட்டுவண்டிகளில் ஏற்றி வயல்களில் இட்டனர். ஏரியைத் தூர்வாருவதும் வயலுக்கு உரமிடுவதும் ஒரே வேலையாக இருந்தன. இப்பணி ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்தின் ஒரு பகுதியாகும். மூன்றாவது, ஏரியில் பிடிக்கப்பட்ட மீன்.

கோடை வறட்சிக்கும் இதில் பங்கு உண்டு. ஏரிப்படுகை காய்ந்து வெடிக்கும்போது வண்டலிலுள்ள கரிமப்பொருள் காற்றுப்பட்டுச் சிதைந்து, சேறு இறுகுகிறது. மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிசனேற்றம் அடைந்து பாசுபேட்டைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. மீண்டும் மழை பெய்து படுகை நனையும்போது ஒரு பகுதி நீரில் கலந்தாலும், அதற்குள் வண்டலின் பெரும்பங்கு வயலுக்குச் சென்றிருக்கும். இவ்வாறு ஆண்டுக்கொருமுறை ஏரியின் ஊட்டக்கணக்கு நேர்செய்யப்பட்டது.

மாற்றத்தின் காரணங்கள்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 ஆம் ஆண்டு மின்தொடர்வண்டிப் போக்குவரத்து தொடங்கியதிலிருந்து இப்பகுதி மெல்ல மெல்லப் புறநகராக வளர்ந்தது. 1970களுக்குப் பின் வளர்ச்சி விரைவடைந்தது. ஆயக்கட்டு நிலங்கள் மனைகளாயின. 2021 ஆம் ஆண்டு நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவானது.

ஊட்டப்பொருள் மிகுந்ததற்குப் பின்வருவன முதன்மைக் காரணங்களாகும்.

வீட்டுக் கழிவுநீர்: புறநகரில் குடியிருப்புகள் முன்னரும் பாதாளச் சாக்கடை பின்னரும் வந்தன. இடைப்பட்ட காலத்தில் வீடுகள் கழிவுநீர்த் தொட்டிகளையே நம்பியிருந்தன. தொட்டியிலிருந்து வழியும் நீரும், குளியலறை, சமையலறை நீரும் தெருவோர மழைநீர் வடிகாலில் விடப்பட்டன. அவ்வடிகால்களோ பழைய வரத்துக்கால்களின் தடத்திலேயே ஏரியைச் சென்றடைந்தன.

ஆயக்கட்டு மறைந்தமை: வயல் இல்லாத இடத்தில் மதகைத் திறக்கத் தேவையில்லை. வண்டலைக் கேட்போரும் இல்லை. எனவே பழைய சுழற்சியின் வெளியேறும் வழிகள் அடைபட்டன.

வற்றாத ஏரி: கழிவுநீர் நாள்தோறும் வருவதால் பல ஏரிகள் கோடையிலும் நீர் நிறைந்து காணப்படுகின்றன. இது பார்ப்பவருக்கு நற்குறியாகத் தோன்றலாம். ஆனால் மழையற்ற மாதங்களில் குறையாத நீர்மட்டம், ஏரிக்கு மழையல்லாத வேறு நீர் வந்துகொண்டிருப்பதைக் காட்டுவதாகும். படுகை காய்வதும் இறுகுவதும் இதனால் நின்றுவிடுகின்றன.

பரப்புச் சுருக்கம்: ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுதல், சாலை அமைத்தல் ஆகியவற்றால் ஏரிகளின் பரப்பு குறைந்துள்ளது. எடுத்துக்காட்டாக, பல்லாவரம் பெரிய ஏரியை ஊடறுத்துப் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை செல்கிறது. பரப்பும் கொள்ளளவும் குறையும்போது அதே அளவு கழிவு குறைந்த நீரில் கலந்து செறிவு உயர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

ஆழமற்ற ஏரி எவ்வளவு விரைவில் மிகையூட்ட நிலையை அடையும் என்பதைப் பின்வரும் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இது விளக்கத்துக்கான கணக்கேயன்றி, குறிப்பிட்ட ஏரியில் அளந்தறிந்த முடிவன்று.

ஏரியின் பரப்பு 40 எக்டேர் (சுமார் 100 ஏக்கர்), சராசரி ஆழம் 1.5 மீட்டர் எனக் கொள்வோம். அதன் கொள்ளளவு 6 இலட்சம் கன மீட்டர் ஆகும். ஒரு லிட்டர் நீரில் 100 மைக்ரோகிராம் பாசுபரசு இருந்தால் ஏரி மிக மோசமான ஊட்டநிலையை எட்டியதாகக் கருதப்படுகிறது. அந்தச் செறிவை முழு ஏரியிலும் உண்டாக்க 60 கிலோகிராம் பாசுபரசு போதுமானது.

ஒரு மனிதரிடமிருந்து கழிவுநீரில் சேரும் பாசுபரசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 கிராம் ஆகும். குறைந்த அளவான 1 கிராமையே எடுத்துக்கொண்டாலும், 10,000 பேர் வாழும் பகுதியின் கழிவுநீரில் நாள்தோறும் 10 கிலோகிராம் பாசுபரசு இருக்கும். அக்கழிவுநீர் முழுவதும் ஏரியில் கலந்தால், மேற்கூறிய 60 கிலோகிராம் 6 நாட்களில் சேர்ந்துவிடும். ஓராண்டில் சேர்வது 3,650 கிலோகிராம் ஆகும். இதன் பெரும்பகுதி படுகைச் சேற்றில் தங்குகிறது. புறநகர் ஏரி ஒன்றைச் சுற்றி 10,000 பேர் என்பது பெரிய எண்ணிக்கையன்று.

பாசுபரசும் நைட்ரசனும்

தாவரங்களுக்கும் பாசிகளுக்கும் பல தனிமங்கள் தேவையாயினும், நன்னீரில் அவற்றின் வளர்ச்சியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது பாசுபரசு ஆகும். மிதவைப் பாசிகளின் உடலில் 16 நைட்ரசன் அணுக்களுக்கு 1 பாசுபரசு அணு என்ற விகிதம் பொதுவாகக் காணப்படுகிறது. எடையளவில் இது ஏறத்தாழ 7:1 ஆகும். எனவே சிறிதளவு பாசுபரசு கூடினாலும் பாசி பன்மடங்கு பெருகக்கூடும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் "ஏரி 226" எனப்படும் சிறு ஏரியில் 1973 ஆம் ஆண்டு டேவிட் சிண்ட்லரும் அவருடன் பணியாற்றியோரும் இதனைச் செய்து காட்டினர். ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கரிமமும் நைட்ரசனும், மறு பாதியில் அவற்றோடு பாசுபரசும் சேர்த்தனர். பாசுபரசு சேர்த்த பாதி மட்டும் பாசியால் பச்சை நிறமாயிற்று.

இவ்விரு தனிமங்களும் ஏரியில் வேறுவேறு விதமாக நடந்துகொள்கின்றன. நைட்ரேட்டை ஆக்சிசன் அற்ற சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரசன் வளிமமாக மாற்றிக் காற்றில் விடுகின்றன. பாசுபரசுக்கு இத்தகைய வழி கிடையாது. அது நீரோடு வழிந்து செல்ல வேண்டும், அல்லது சேறாகவோ தாவரமாகவோ மீனாகவோ அள்ளி எடுக்கப்பட வேண்டும். அவ்வாறு எடுக்கப்படாதவை ஏரியிலேயே இருக்கும்.

ஏரிகளின் ஊட்டநிலையை வகைப்படுத்தப் பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1982 ஆம் ஆண்டு வெளியிட்ட எல்லைகள் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில், மொத்தப் பாசுபரசின் ஆண்டுச் சராசரி வருமாறு:

- குறையூட்ட நிலை: 10க்கும் கீழ்
- இடையூட்ட நிலை: 10 முதல் 35 வரை
- மிகையூட்ட நிலை: 35 முதல் 100 வரை
- அதிமிகையூட்ட நிலை: 100க்கும் மேல்

இவ்வெல்லைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஏரிகளை ஆராய்ந்து வகுக்கப்பட்டவை. வெப்பநாட்டு ஏரிகளில் ஆண்டு முழுவதும் வெயிலும் வெப்பமும் இருப்பதால் பாசி வளர்ச்சி நீண்டகாலம் தொடர்வதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆழமற்ற ஏரியின் தனித்தன்மை

ஆழமான ஏரிகளில் அடியில் படியும் ஊட்டப்பொருள் மேற்பரப்பிலுள்ள பாசிகளுக்கு எளிதில் எட்டாது. ஆழமற்ற ஏரியிலோ காற்று வீசினாலே சேறு கலங்கி, ஊட்டப்பொருள் மீண்டும் நீரில் கலக்கிறது. அடிமட்டத்தில் ஆக்சிசன் தீர்ந்தால், பாசுபேட்டைப் பிடித்து வைத்திருந்த இரும்பு வேதி மாற்றமடைந்து அதனை விடுவிக்கிறது. இது உட்சுமை எனப்படும். வெளியிலிருந்து வரும் கழிவுநீரை முற்றிலும் நிறுத்திய பின்னரும் பல ஆண்டுகள் ஏரி பச்சையாகவே இருப்பதற்கு இதுவே காரணமாகும்.

நெதர்லாந்து அறிவியலாளர் மார்ட்டன் செஃபரும் பிறரும் 1990களில், ஆழமற்ற ஏரிகளுக்கு இரு நிலைகள் உண்டு என விளக்கினர். ஒன்று தெளிநீர் நிலை. இதில் வேலம்பாசி போன்ற நீர்மூழ்கித் தாவரங்கள் படுகையை மூடி, சேற்றைக் கலங்காமல் பிடித்து, பாசியை உண்ணும் நுண்ணுயிர் விலங்குகளுக்குப் புகலிடம் தருகின்றன. மற்றொன்று கலங்கல்நீர் நிலை. இதில் மிதவைப் பாசிகள் ஒளியை மறைப்பதால் நீர்மூழ்கித் தாவரங்கள் அழிகின்றன. அவை அழிவதால் சேறு மேலும் கலங்குகிறது. ஒவ்வொரு நிலையும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் இயல்புடையது. எனவே ஊட்டம் மெல்ல உயரும்போது நெடுங்காலம் மாற்றம் ஏதும் தெரியாமலிருந்து, பின்னர் ஏரி திடீரென நிலை மாறக்கூடும். மீண்டும் தெளியவைக்க, முன்பு கலங்கிய அளவைவிட மிகக் கீழே ஊட்டத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

புறநகர் ஏரிகளில் இவ்விரண்டோடு மூன்றாவதாக, மிதக்கும் களைகள் நீர்ப்பரப்பை முழுவதும் மூடும் நிலையும் அடிக்கடி காணப்படுகிறது.

பருவத்தோடு மாறும் அளவு

சென்னைப் பகுதியின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் ஆகும். இதில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. ஏரியின் ஊட்ட அளவும் இதனையொட்டி மாறுகிறது.

முதல் மழை தெருக்களிலும் வடிகால்களிலும் தேங்கிய அழுக்கை ஒருசேர ஏரிக்குள் தள்ளுகிறது. தொடரும் மழை நீரைப் பெருக்கிச் செறிவைக் குறைக்கிறது. கலங்கல் வழியே ஒரு பகுதி வெளியேறுகிறது. 2015 டிசம்பர் 1, 2 ஆம் நாட்களில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இத்தகைய பெருவெள்ளம் ஏரிநீரை மாற்றிவிட்டாலும், அடிச்சேற்றை முழுவதும் அகற்றுவதில்லை. சனவரிக்குப் பின் மழை நின்று, ஆவியாதலால் நீர் குறையக் குறையச் செறிவு உயர்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பமும் செறிவும் உச்சத்தை அடைகின்றன. ஆகவே ஒரே நாளில் எடுத்த நீர்மாதிரியைக் கொண்டு ஏரியின் நிலையை முடிவு செய்தல் பொருந்தாது.

விளைவுகள்

பாசிப் பெருக்கம்: ஊட்டம் மிகுந்த, வெப்பமான நீரில் நீலப்பச்சைப்பாசிகள் மேலோங்குகின்றன. இவற்றுள் சில காற்றிலுள்ள நைட்ரசனைப் பயன்படுத்த வல்லவை. எனவே நீரில் நைட்ரசன் குறைந்தாலும் பெருகும். மைக்ரோசிஸ்டிசு போன்றவை மைக்ரோசிஸ்டின் என்னும் கல்லீரல் நஞ்சை உண்டாக்கக்கூடும். குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவாகும்.

மீன் இறப்பு: பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிசனை வெளியிடுகின்றன. இரவில் பாசிகளும் பாக்டீரியாக்களும் அதனை நுகர்கின்றன. விடியற்காலையில் ஆக்சிசன் மிகவும் குறைந்து மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்குவதைக் காணலாம். மேகமூட்டமான நாட்களிலும், முதல் மழையில் சேறு கலங்கும்போதும் மீன்கள் கூட்டமாக இறப்பதுண்டு. பகலில் பாசிகள் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை உயர்ந்து, அமோனியா நச்சு வடிவத்துக்கு மாறுவதும் மீன்களைப் பாதிக்கிறது. குறைந்த ஆக்சிசனைத் தாங்கும் திலேப்பியா போன்ற அயல் மீன்களே இறுதியில் எஞ்சுகின்றன.

ஆகாயத்தாமரை: தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது வெங்காயத்தாமரை என்றும் அழைக்கப்படுகிறது. சாதகமான சூழலில் இரு வாரங்களுக்குள் இருமடங்காகப் பெருகவல்லது. நீர்ப்பரப்பை மூடுவதால் ஒளியும் காற்றும் உட்புகுவது தடைப்படுகிறது. இத்தாவரம் நோயன்று, நோயின் அறிகுறியாகும். கழிவுநீர் நிற்காமல் களையை மட்டும் அகற்றினால் அது மீண்டும் வளரும். அகற்றிய களையைக் கரையிலேயே விட்டால் அது அழுகி, உள்ளிருந்த ஊட்டம் மழையோடு ஏரிக்கே திரும்பும்.

நிலத்தடி நீர்: புறநகரில் பல வீடுகள் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியுள்ளன. மாடம்பாக்கம் ஏரியில் அமைந்த கிணறுகள் குடிநீர் வழங்கலுக்குப் பயன்பட்டு வந்துள்ளன. ஏரிநீர் மண்ணில் ஊடுருவும்போது பாசுபேட்டின் பெரும்பகுதியை மண் பிடித்துக்கொள்கிறது. நைட்ரேட்டு நீரோடு செல்கிறது. குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம் ஆகும். அதற்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளின் குருதி ஆக்சிசனை ஏந்திச் செல்லும் திறனை இழக்கும் நோய் ஏற்படக்கூடும். ஆகவே ஏரியின் ஊட்டநிலை கரையில் வாழ்வோரின் குடிநீரோடு தொடர்புடையதாகும்.

கொசுப் பெருக்கம்: யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்சு கொசு அழுக்குநீரில் பெருகுகிறது. மான்சோனியா கொசுவின் இளம்புழுக்கள் மிதக்கும் களைகளின் வேர்களிலிருந்தே மூச்சுக் காற்றைப் பெறுகின்றன.

பறவைகள்: நீலத் தாழைக்கோழி போன்றவை அடர்ந்த களைகளிடையேயும் வாழ்கின்றன. ஆனால் நீர்மூழ்கித் தாவரங்களை உண்ணும் வாத்துகளும், தெளிந்த நீரில் இரை தேடும் முக்குளிப்பான் போன்றவையும் களை மூடிய ஏரியைத் தவிர்க்கின்றன.

அளவிடும் முறைகள்

மாணவர்களும் எளிதில் செய்யக்கூடியது செக்கி வட்டு ஆய்வாகும். இத்தாலிய அறிவியலாளர் ஆஞ்சலோ செக்கி 1865 ஆம் ஆண்டு இதனை அறிமுகப்படுத்தினார். கருப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசிய, சுமார் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே வேளையில், மாதந்தோறும் செய்தால் ஏரியின் போக்கு புலப்படும். கரைந்த ஆக்சிசனை விடியற்காலையிலும் பிற்பகலிலும் அளந்து ஒப்பிடுவதும் பயன் தரும். இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிகுந்தால் பாசி மிகுந்துள்ளது எனலாம். மொத்தப் பாசுபரசு, மொத்த நைட்ரசன், பச்சையம் ஆகியவற்றை ஆய்வகத்திலேயே அளக்க முடியும்.

பிற இடங்களின் பட்டறிவு

சுவீடனில் வாக்ஷோ நகரிலுள்ள டிரம்மன் ஏரி ஆழமற்றது. 1950களின் இறுதியில் அதில் கழிவுநீர் விடுவது நிறுத்தப்பட்டும், 1960கள் முழுவதும் ஏரி தெளியவில்லை. 1970, 1971 ஆண்டுகளில் ஊட்டம் மிகுந்த மேற்சேற்றை உறிஞ்சி எடுத்த பின்னரே பாசி குறைந்தது. உட்சுமையின் வலிமைக்கு இது சிறந்த சான்றாகக் கருதப்படுகிறது.

சீனாவின் தாய் ஏரியில் 2007 ஆம் ஆண்டு மே மாதம் நீலப்பச்சைப்பாசி பெருகியதால், வூக்சி நகரில் சுமார் 20 இலட்சம் மக்களுக்குக் குழாய்நீர் பயன்படாமற் போயிற்று. கொழும்பின் பெய்ரா வாவி பல்லாண்டுகளாகக் கழிவுநீரால் பச்சை நிறமாக இருந்து வந்துள்ள நகர்ப்புற நீர்நிலையாகும். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் 2015 ஆம் ஆண்டு நுரை பொங்கிச் சாலைகளுக்கு வந்தது பரவலாக அறியப்பட்டது.

மீட்புப் பணிகள்

2007 ஆம் ஆண்டு தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இயற்றப்பட்டது. இது ஏரியின் எல்லையைக் காக்க உதவுவதாகும்.

2019 ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்குக் குடிநீர் வழங்கும் நீர்த்தேக்கங்கள் வறண்டபோது, சிட்லபாக்கம் ஏரியில் அப்பகுதி மக்கள் தாமாகவே கூடிக் குப்பைகளை அகற்றினர். அதே ஆண்டில் அவ்வேரியின் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

சுமார் 100 ஏக்கர் பரப்புள்ள செம்பாக்கம் ஏரியில், நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியவை அரசுத் துறைகளோடு இணைந்து மீட்புத் திட்டம் ஒன்றை மேற்கொண்டன. தூர்வாருதலோடு, உள்வரும் கழிவுநீரைத் தாவரங்களின் துணையால் தூய்மிக்கும் ஈரநிலப் பகுதிகளை அமைப்பதும் அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாகும். தொடரின் இறுதியிலுள்ள பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022 ஆம் ஆண்டு ராம்சர் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் நீரின் தரம் மேலுள்ள ஏரிகளைப் பொறுத்தே அமையும்.

பணிகளின் வரிசை

மீட்புப் பணிகளில் எது முதலில் செய்யப்படுகிறது என்பது முடிவைப் பெரிதும் மாற்றுகிறது. பொதுவாகப் பின்வரும் வரிசை ஏற்றதாகக் கொள்ளப்படுகிறது:

1. வரத்துக்கால்களில் கழிவுநீர் கலப்பதை நிறுத்துதல். பாதாளச் சாக்கடையில் ஒவ்வொரு வீடும் இணைக்கப்படுவது இதில் அடங்கும்.
2. சுத்திகரித்த நீரை ஏரியில் விடுவதாயின், பாசுபரசையும் நீக்குதல். வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் கரிமப்பொருளை நன்கு நீக்கினாலும், கரைந்த பாசுபரசின் பெரும்பகுதியை நீக்குவதில்லை.
3. ஊட்டம் செறிந்த மேற்சேற்றை அள்ளி, ஏரியின் நீர்ப்பிடிப்புக்கு வெளியே கொண்டு செல்லுதல்.
4. களைகளை அகற்றி, உரமாக மாற்றி வெளியேற்றுதல்.
5. ஆழமற்ற ஓரங்களை விட்டுவைத்து, கோரை, அல்லி, நீர்மூழ்கித் தாவரங்கள் ஆகியவை மீண்டும் வளர இடமளித்தல்.

முதற்பணி நடவாமல் மூன்றாவதும் நான்காவதும் மட்டும் நடந்தால் ஏரி சில ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பும். ஏரியை ஒரே சீராக ஆழமாகத் தோண்டிக் கரையைக் கற்களால் மூடுவது கொள்ளளவைக் கூட்டினாலும், நீரைத் தெளிவாக வைத்திருக்கும் தாவரங்கள் வளரும் ஓரங்களை அழித்துவிடும். பழைய குடிமராமத்தில் வண்டல் ஆண்டுதோறும் வெளியேறியது. வயல்கள் இல்லாத புறநகரில் அவ்வண்டலையும் களையையும் ஏற்கும் வேறிடம் ஒன்றைக் கண்டறிவது இன்றைய மீட்புத் திட்டங்கள் தீர்க்க வேண்டிய கேள்வியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஏரி
- குடிமராமத்து
- பள்ளிக்கரணை சதுப்புநிலம்
- ஆகாயத்தாமரை
- நீலப்பச்சைப்பாசி
- தாம்பரம்